கப்பம், பகுதி, வரி: வேதாகமத்தில் ராஜாக்களுக்குக் கட்டியதன் பொருள் என்ன? (கேள்வி பதில்)

வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு வருகிறவர்கள் எங்கேயாவது ஓரிடத்தில் நின்று கேட்கிற கேள்விகள் இவை. சிலது வேதபாட வகுப்பில் கேட்டது, சிலது நானே பல வருஷம் மனதில் வைத்திருந்தது. ராஜாக்கள் புத்தகத்தில் இந்தத் தாலந்துக் கணக்கு (தாலந்து என்பது வெள்ளி, பொன்னை நிறுக்கிற பெரிய எடை) வந்தாலே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். அந்தக் கதையின் முதுகெலும்பே அங்கேதான் இருக்கிறது.

கப்பம் என்பது வரிதானே? ஏன் தனியாகப் பேச வேண்டும்?

இரண்டும் ஒன்றல்ல. வரி என்பது குடிமக்கள் தங்கள் ராஜாவுக்குக் கட்டுவது. கப்பம், பழைய தமிழில் திறை, ஒரு ராஜா தன்னைவிடப் பெரிய இன்னொரு ராஜாவுக்குக் கட்டுவது. பணம் கடைசியில் அதே குடியானவனின் களத்திலிருந்துதான் வருகிறது என்பது வேறு விஷயம், அதற்குக் கீழே வருகிறேன். கப்பத்தில் முக்கியமானது தொகை அல்ல, அதை அனுப்பும்போது சொல்லாமல் சொல்லுகிற வார்த்தை: நீ என் எஜமான், நான் உனக்குக் கீழே. அதனால்தான் நிறுத்தினால் அது கடன் பாக்கி ஆவதில்லை, கலகம் ஆகிறது. இஸ்ரவேலின் கடைசி ராஜா ஓசெயா வருஷந்தோறும் அசீரியாவுக்கு அனுப்பியதை நிறுத்தினான், எகிப்துக்கு ஆள் அனுப்பினான் (2 ராஜாக்கள் 17:4). அசீரிய ராஜாவுக்கு அதற்குமேல் வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஓசெயாவைப் பிடித்துச் சிறையில் வைத்தான், சமாரியாவை மூன்று வருஷம் முற்றுகை போட்டார்கள், கி.மு. 722 வாக்கில் அந்த ராஜ்யமே முடிந்துபோனது.

தமிழ் வேதாகமத்தில் "பகுதி கட்டினார்கள்" என்று வருகிறதே, எதன் பகுதி?

நல்ல கேள்வி, இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. இன்றைக்குப் பகுதி என்றால் நமக்கு ஒரு பாகம் என்றுதான் தோன்றும். பழைய மொழிபெயர்ப்பில் அது கப்பம் என்ற பொருளில் வருகிறது. ஆனால் இன்னொரு சிக்கலும் உண்டு. யோசுவா 16:10-இல் கேசேரின் கானானியர் பகுதி கட்டினார்கள் என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே இருக்கிற சொல் "மஸ்". அது காசு அல்ல, உடலுழைப்பு. கூலி இல்லாமல் கல் சுமக்கிற, சுவர் கட்டுகிற கட்டாய வேலை. ஆதியாகமம் 49-இல் இசக்கார் சுமக்கிறதற்குத் தோளைச் சாய்த்துப் பகுதி கட்டுகிறவனானான் என்று யாக்கோபு சொல்லும்போதும் இதே சொல்தான், தோள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கும்.

சாலொமோன் காலத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் சரியான நாட்டு வழக்கைப் போட்டிருக்கிறார்கள்: "அமஞ்சி ஆட்கள்" (1 ராஜாக்கள் 5:13). அமஞ்சி என்றால் சம்பளம் இல்லாமல் பிடித்துக்கொண்டு போய் வாங்குகிற வேலை. புலம்பலின் முதல் வசனத்தில் எருசலேம் கப்பம் கட்டுகிறவளானாள் என்று வருகிற இடத்திலும் எபிரெயத்தில் மஸ்தான் இருக்கிறது. நாயகியாக இருந்தவள் கல் சுமக்கிறவளாகிவிட்டாள் என்று வாசித்துப் பாருங்கள், அந்த வரி வேறு மாதிரி வலிக்கும்.

அப்படியானால் பொருளாக அனுப்பிய கப்பத்துக்கு எபிரெயத்தில் என்ன சொல்?

"மின்ஹா". இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம்.

காயீனும் ஆபேலும் கர்த்தருக்குக் கொண்டுவந்தது மின்ஹா. அண்ணன் ஏசாவுக்குப் பயந்து யாக்கோபு முன்னால் அனுப்பிவைத்த ஆடு மாடு ஒட்டகங்கள் மின்ஹா. எகிப்தின் அதிபதி தங்கள் தம்பி யோசேப்புதான் என்று தெரியாமல் சகோதரர்கள் கொண்டுபோன பிசின் தைலமும் தேனும் மின்ஹா. லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தில் மெல்லிய மாவும் எண்ணெயும் சேர்த்துப் பலிபீடத்தில் படைக்கிற போஜனபலியும் மின்ஹா. இஸ்ரவேலை அடக்கி ஆண்ட மோவாபின் ராஜா எக்லோனுக்கு இஸ்ரவேலனான ஏகூத் எடுத்துக்கொண்டு போன கப்பம் (நியாயாதிபதிகள் 3), ஓசெயா அனுப்பாமல் நிறுத்திய கப்பம், இரண்டும் மின்ஹாதான்.

தமிழில் நாம் காணிக்கை, வெகுமதி, போஜனபலி, கப்பம் என்று பிரித்து வாசிப்பதால் இந்தத் தொடர்பு தெரியாமலே போய்விடுகிறது. எபிரெயக் காதுக்கு அது ஒரே சொல்: உன்னைவிடப் பெரியவர் முன்னால், அவர் முகம் உன்மேல் பிரியமாக வேண்டும் என்று கொண்டுபோய் வைப்பது. ஏகூத் கதையில் "கொண்டுபோய்ச் செலுத்தினான்" என்ற வினைச்சொல்கூடப் பலி செலுத்துவதற்குச் சொல்லுகிற அதே வினைதான். பலிபீடத்துக்குப் போக வேண்டிய சொல் ஒரு பருத்த மோவாபிய ராஜாவின் மேல்வீட்டுக்குள் போகிறது. அந்தக் கதையை எழுதினவர் அதைத் தெரிந்தேதான் எழுதினார் என்று நான் நம்புகிறேன். பதினெட்டு வருஷம் எக்லோனைச் சேவித்தார்கள் என்று அதற்கு முன்பே ஒரு வரி வருகிறதே, அந்தச் "சேவித்தார்கள்" என்பதும் தேவனைச் சேவிப்பதற்கு வருகிற அதே சொல்தான்.

இஸ்ரவேல் கப்பம் கட்டியது மட்டும்தானா, வாங்கவும் செய்ததா?

வாங்கியது. தாவீது மோவாபையும் தமஸ்குவின் சீரியரையும் கப்பம் கட்ட வைத்தான் (2 சாமுவேல் 8). மோவாபின் ராஜா மேசா இஸ்ரவேலுக்கு ஒரு லட்சம் ஆட்டுக்குட்டிகளும் மயிர் கத்தரிக்காத ஒரு லட்சம் கடாக்களும் செலுத்தினான் என்று 2 ராஜாக்கள் 3:4 சொல்லுகிறது. இஸ்ரவேலின் ராஜா ஆகாப் செத்ததும் மேசா கலகம் பண்ணினான்.

இந்த மேசாவின் சொந்தக் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. 1868-இல் தீபோனில் கண்டெடுத்த கறுப்புக் கல், இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவன் என்ன சொல்லுகிறான் தெரியுமா? எங்கள் தெய்வம் கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாக இருந்தான், அதனால் இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான் என்கிறான். நியாயாதிபதிகள் புத்தகத்தில் இஸ்ரவேலர் சொல்லுகிற அதே விளக்கம், அந்தப் பக்கத்திலிருந்து! கப்பம் கட்டுவதைக் கடவுளோடு சேர்த்துத்தான் அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இன்னொன்று, எக்லோனுக்குக் கட்டும்போது அழுத ஜனம்தான் அப்புறம் மோவாபியரிடம் ஆட்டை எண்ணி வாங்கியது. வேதாகமம் இதை மறைக்கவில்லை.

சொந்த ராஜாவுக்குக் கொடுப்பது பற்றி?

1 சாமுவேல் 8-ஐ நிதானமாக வாசியுங்கள். ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனத்துக்கு சாமுவேல் சொன்ன பதிலில் "எடுத்துக்கொள்ளுவான்" என்பதே திரும்பத் திரும்ப வருகிறது: உங்கள் பிள்ளைகளை, வயல்களை, தானியத்தில் பத்தில் ஒரு பங்கை. அந்தப் பத்தில் ஒரு பங்குதான் நெஞ்சில் இடிக்கிறது, அது தசமபாகம், தேவனுக்கு உரிய அளவு. சாலொமோன் பன்னிரண்டு அதிகாரிகளை வைத்து மாதத்துக்கு ஒருவராக அரண்மனைக்குச் சாப்பாடு சேர்த்தான். அவன் மகன் ரெகொபெயாம் நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான், பிறகு பகுதி விசாரிக்கிற அதோராமையே ஜனத்திடம் அனுப்பினான், அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள், ராஜ்யம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே எருசலேமை வைத்து யூதா என்று இரண்டாக உடைந்தது.

அசீரியாவுக்குக் கட்டியது எவ்வளவு? அந்தத் தாலந்துக் கணக்கு எப்படிப் புரிந்துகொள்வது?

இஸ்ரவேலின் ராஜா மெனாகேமின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், அதுதான் தெளிவாக இருக்கிறது. பூல் என்ற அசீரிய ராஜா (இவன்தான் திகிலாத்பிலேசர்) வந்தபோது மெனாகேம் ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்தான், அதைப் பலத்த ஐசுவரியவான்களிடம் ஆளுக்கு 50 சேக்கல் வீதம் வசூலித்தான் (2 ராஜாக்கள் 15:19,20). ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல், யாத்திராகமம் 38-ஆம் அதிகாரக் கணக்கிலிருந்தே இது வரும். ஆக மொத்தம் 30 லட்சம் சேக்கல், ஆளுக்கு 50 என்றால் 60,000 வீடுகள். ஒரு தாலந்து இன்றைய எடையில் 30 கிலோவுக்கு மேல், எனவே முப்பது டன்னுக்குக் குறையாத வெள்ளி. எதற்கு? "ராஜ்யபாரத்தைத் தன் கையில் பலப்படுத்த" என்று வசனமே சொல்லுகிறது. முந்தின ராஜாவைக் கொன்று சிங்காசனம் ஏறினவன் மெனாகேம். அவன் நாற்காலிக்கு அறுபதாயிரம் குடும்பங்கள் விலை கொடுத்தன. ஐசுவரியவான்கள்தானே கொடுத்தார்கள் என்று சொல்லாதீர்கள், அவர்கள் அதை யாரிடமிருந்து திரும்ப எடுத்திருப்பார்கள் என்று அதே நூற்றாண்டின் ஆமோஸ் புத்தகத்தை வாசித்தவருக்குத் தெரியும்.

வேதாகமம் சொல்லாமல் விட்ட கப்பமும் உண்டு. இஸ்ரவேலின் ராஜா யெகூ அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாருக்கு கி.மு. 841-இல் வெள்ளியும் பொன்னும் கொடுத்ததைக் கறுப்புத் தூண் ஒன்றில் அசீரியர் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1846-இல் நிம்ரூதில் தோண்டி எடுத்தது, லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவர் தரையில் முகம்படக் குனிந்திருக்கிறார், அது யெகூவோ அவருடைய தூதனோ. பாகால் கோவிலை இடித்துப் போட்ட அந்த வைராக்கியக்காரனின் பெயரில் இப்படி ஒரு குனிவு.

யூதாவின் ராஜா எசேக்கியா விஷயத்தில் இரண்டு பக்கக் கணக்கும் கையில் இருக்கிறது. வேதாகமம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்கிறது. அசீரிய ராஜா சனகெரிபின் கல்வெட்டு 30 பொன், 800 வெள்ளி என்கிறது. பொன் அப்படியே பொருந்துகிறது, வெள்ளி பொருந்தவில்லை.

பயந்துபோய்க் கப்பம் கட்டியது பாவமா?

ஒரே வார்த்தையில் ஆம் இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று ராஜாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகாஸ், யூதாவின் ராஜா. சீரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமுக்கு வந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி அவனிடம் போய்ப் பயப்படாதே என்றார். அவன் கேட்கவில்லை. தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, நான் உம்முடைய ஊழியக்காரனும் உம்முடைய குமாரனுமாயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னான் (2 ராஜாக்கள் 16:7). என் பார்வையில் வெள்ளியைவிட அந்த வாக்கியம்தான் பெரிய கப்பம். ஏனென்றால் தாவீதின் சந்ததிக்கு தேவன் கொடுத்த வாக்கு என்ன? நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான் (2 சாமுவேல் 7:14). தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளை உரிமையைத் தூக்கி ஒரு அசீரியனுக்குக் கொடுத்துவிட்டான். அப்புறம் தமஸ்குவில் பார்த்த பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பிக் கட்டச் சொன்னதில் ஆச்சரியமே இல்லை. கப்பம் போன வழியே ஆராதனையும் போனது.

எசேக்கியா. அவனும் தேவாலயக் கதவுகளிலிருந்த பொன்னைக் கழற்றினான், அதுவும் தானே தகடு அடித்து வைத்த பொன்னை. லாகீசிலிருந்த சனகெரிபுக்கு, நான் குற்றஞ்செய்தேன் என்று சொல்லி அனுப்பினான். கொடுத்தும் சேனை வந்து நின்றது. ஆனால் அடுத்த அதிகாரத்தில் அவன் அசீரியர் அனுப்பிய மிரட்டல் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கர்த்தருடைய ஆலயத்தில் விரித்து வைக்கிறான். ஆகாஸ் வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சி இல்லை.

சிதேக்கியா, யூதாவின் கடைசி ராஜா. இங்கேதான் நாம் எதிர்பார்க்காத திருப்பம். எரேமியா கழுத்தில் நுகத்தைப் போட்டுக்கொண்டு, பாபிலோன் ராஜாவுக்குக் கீழ்ப்படிந்து உயிர் பிழையுங்கள் என்கிறார் (எரேமியா 27). கலகம் செய்யாதே என்பது இந்த முறை தேவனுடைய வார்த்தை! சிதேக்கியா தேவனுடைய பெயரில் நேபுகாத்நேச்சாருக்கு ஆணையிட்டுக் கொடுத்திருந்தான். எசேக்கியேல் 17 அந்த ஆணையை உடைத்ததைத் தேவனுக்கே செய்த துரோகமாகப் பார்க்கிறது. ஆகவே, கட்டினால் பயந்தவன், கட்டாவிட்டால் விசுவாசி என்று சட்டம் போட்டுவிட முடியாது.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து நாடு திரும்பின பிறகு பெர்சியருக்கும் கட்டினார்களா?

கட்டினார்கள். எஸ்றா 4:13-இல் மூன்று விதம் வருகிறது: பகுதி, தீர்வை, ஆயம். அதன் பாரத்தை நெகேமியா 5-இல்தான் பார்க்க வேண்டும். ராஜாவுக்குத் தீர்வை கட்ட எங்கள் நிலத்தின்மேலும் திராட்சத்தோட்டத்தின்மேலும் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக விடுகிறோம், குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுப் போனார்கள் என்று ஜனம் கூக்குரலிடுகிறது. கடன் கொடுத்தவர்கள் பெர்சியர் அல்ல, சொந்த யூத சகோதரர்கள். நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறது. அவர் பெர்சிய ராஜாவை எதிர்த்துக் கலகம் பண்ணவில்லை, ஆனால் கடன் கொடுத்த பிரபுக்களை நிறுத்தி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார், அதிபதிக்கு உரிய படியைப் பன்னிரண்டு வருஷம் வாங்காமல் விட்டார். முந்தின அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளி வாங்கினவர்கள். அரசாங்கக் கப்பத்தைப் பற்றி இதைவிட நேர்மையான அதிகாரம் வேதாகமத்தில் இல்லை என்பேன்.

"இராயனுடையதை இராயனுக்கும்" என்று இயேசு சொன்னதன் பொருள் என்ன?

இராயன் என்றால் ரோமப் பேரரசன். பின்னணி முதலில். கி.பி. 6-இல் யூதேயா நேரடி ரோம ஆட்சிக்குள் வந்ததும், வரி போட ரோம அதிகாரி சிரேனியு குடிமதிப்பு எடுத்தான். கலிலேயனான யூதாஸ் கலகம் செய்தான் (அப்போஸ்தலர் 5:37). தேவனைத் தவிர வேறு எஜமான் இல்லை, ரோமருக்குக் கட்டுவது அடிமைத்தனம் என்பதுதான் அவனுடைய வாதம் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஆக, "வரிகொடுக்கிறது நியாயமோ" என்று கேட்டவர்கள் கேட்டது பண விஷயம் அல்ல. ஆம் என்றால் ஜனம் கைவிடும், இல்லை என்றால் ரோமர் பிடித்துக்கொண்டு போவார்கள். பரிசேயரும் ஏரோதியரும் சேர்ந்து வந்தார்கள், ஒத்துப்போகாத இரண்டு கூட்டம்.

வரிக்காசைக் காட்டுங்கள் என்கிறார். அவர் கையில் இல்லை, கேட்டவர்களிடம் இருந்தது, அதுவும் தேவாலயத்துக்குள். அந்தக் காசு அப்போதைய இராயன் திபேரியுவின் வெள்ளித் தெனாரியம் என்று பொதுவாக ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதில் அவன் முகமும், "தெய்வமான அகஸ்துவின் மகன்" என்ற எழுத்தும் இருக்கும். (அதே வகைக் காசுகள் நம் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மண்ணுக்குள்ளிருந்து குவியலாகக் கிடைத்திருக்கின்றன, மிளகுக்கும் கல்மணிக்கும் ரோமர் கொடுத்த விலை. மத்தேயு 22-ஐ வாசிக்கும்போது அந்தக் காசை மனதில் வைத்துக்கொள்ளலாம்.)

"இந்தச் சுரூபம் யாருடையது" என்று கேட்கிறார். கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல், ஆதியாகமம் 1-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் மனுஷனைத் தேவன் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று வருகிற அதே சொல். தமிழில் ஒரு பக்கம் சுரூபம், இன்னொரு பக்கம் சாயல் என்று ஆகிவிட்டதால் தெரியவில்லை. இராயன் முகம் பதிந்த வெள்ளி இராயனுக்குப் போகட்டும், அது அவன் அடித்த காசுதான். தேவனுடைய சாயல் பதிந்தது எது? காசை நீட்டின அந்த மனுஷனே. இதை அரசியல் ஒரு பக்கம், ஆன்மீகம் ஒரு பக்கம் என்று சம பாதியாகப் பிரித்ததாகப் பிரசங்கிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒருவனுக்குக் காசு போகிறது, மற்றவருக்கு முழு மனுஷனும் போகிறான், இதில் எங்கே சம பாதி?

மீனின் வாயில் கிடைத்த காசும் ரோம வரிதானா?

இல்லை. மத்தேயு 17-இல் கேட்டது தேவாலய வரி, யாத்திராகமம் 30-இன் அரைச் சேக்கல் அடிப்படையில் வந்தது. ராஜாக்கள் தங்கள் பிள்ளைகளிடமா அந்நியரிடமா வரி வாங்குவார்கள் என்று இயேசு கேட்டார். பிள்ளைகளுக்கு வரி இல்லை, ஆனாலும் இடறலாகாதபடிக்குக் கொடு என்றார். பின்னாளில் கி.பி. 70-இல் தேவாலயம் இடிந்த பிறகு, ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் அதே தொகையை ரோமில் இருந்த யூப்பித்தர் கோவிலுக்கு யூதர்கள் கட்ட வேண்டும் என்று ஆக்கினான். மின்ஹா பற்றி, பலிபீடத்துக்குப் போக வேண்டியது வேறிடம் போவதைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயக்காரர் ஏன் அவ்வளவு வெறுக்கப்பட்டார்கள்?

ஆயக்காரர் என்றால் வரி வசூலிப்பவர்கள். சொந்த ஜனத்திடம் அதிகமாகப் பிடுங்கினதால் வெறுக்கப்பட்டார்கள். கப்பர்நகூமில் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு ஏரோது அந்திப்பாவின் எல்லைக்குள் இருந்தவர், எரிகோவின் சகேயு ரோம எல்லைக்குள் இருந்தவர். யோவான்ஸ்நானன் அவர்களிடம் வேலையை விடு என்று சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான்.

ரோமர் 13 எந்த அரசுக்கும் கேள்வி கேட்காமல் கட்டச் சொல்லுகிறதா?

பவுல் இதை எழுதியது கி.பி. 57 வாக்கில், நீரோ ஆட்சியில், தலைநகரத்தில் இருந்தவர்களுக்கு. அடுத்த வருஷமே ஆயம் வசூலிப்பவர்களின் கொடுமை பற்றி ஜனம் முறையிட்டது, தீர்வைகளையெல்லாம் ஒழித்துவிடலாமா என்று நீரோ யோசித்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியிருக்கிறார். ஆக, கொதிப்பாக இருந்த ஒரு விஷயத்தில்தான் பவுல் வரியையும் தீர்வையையும் கட்டுங்கள் என்கிறார். அதே வசனத்தில் பயத்தையும் கனத்தையும் "எவனுக்குச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு" என்று தனியாகப் பிரிக்கிறார். கட்டச் சொன்னார், கும்பிடச் சொல்லவில்லை. பின்னாளில் ரோம அதிகாரிகள் இராயனுக்குத் தூபம் காட்டச் சொன்னபோது மறுத்துச் செத்த கிறிஸ்தவர்களும் வரி கட்டினவர்கள்தான்.

கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்தது கப்பமா?

மத்தேயு அப்படித்தான் வாசிக்க வைக்கிறார் என்று நினைக்கிறேன். தர்ஷீசின் ராஜாக்கள் மின்ஹா கொண்டுவருவார்கள் என்பது சங்கீதம் 72:10. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள சொற்களைத்தான் சாஸ்திரிகள் காணிக்கை வைத்தபோது மத்தேயு எழுதுகிறார். அவர்களை ராஜாக்கள் என்று அவர் சொல்லவில்லை, அது பின்னால் வந்த வழக்கம். ரோமரின் தயவில் ராஜாவான ஏரோது எருசலேமில் இருக்க, பொன் அவன் அரண்மனையைத் தாண்டிப் பெத்லகேமுக்குப் போகிறது.

இயேசுவின் மரணத்தில் இந்தக் கப்ப விஷயத்துக்குப் பங்கு உண்டா?

உண்டு, நாம் வழக்கமாகக் கவனிப்பதில்லை. ரோம அதிபதி பிலாத்துவுக்கு முன்னால் வைத்த குற்றச்சாட்டில் ஒன்று, இராயனுக்கு வரி கொடுக்கவேண்டாமென்று சொல்லுகிறான் என்பது (லூக்கா 23:2). அவர் சொன்னதற்கு நேர் எதிர். பிலாத்து அதை விசாரிக்கக்கூட இல்லை, நீ ராஜாவா என்று மட்டும் கேட்டான். யோவான் 19-இல் அவன், உங்கள் ராஜாவை நான் சிலுவையில் அறையலாமா என்று கேட்கிறான். பஸ்காவுக்கு ஆயத்தமான நாள் அது. பதில் சொன்னவர்கள் பிரதான ஆசாரியர்கள், தினமும் பலிபீடத்தில் தேவனுக்கு மின்ஹா செலுத்துகிற பொறுப்பில் இருந்தவர்கள். "இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை" என்றார்கள்.